விழுந்துபோன ஒரு வரி

என் கணவரின் சித்தி, நான் சின்னத்தை என்று கூப்பிடுபவர், என் கடைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்று நான் கறாராகச் சொல்லியிருந்தேன். அதற்காகச் சொந்தக்காரர்கள் என் தலையை உருட்டாத நாள் கிடையாது. உருட்டட்டும். பழைய புத்தகக் கடை வைத்திருப்பவளின் பாடு அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? சின்னத்தை வந்தால் பேனாவோடுதான் வருவார். ‘நல்லா இருக்கியாம்மா’ என்று கேட்டுக்கொண்டே கண் அலமாரியில் மேயும். தேடிய புத்தகம் கண்ணில் பட்டுவிட்டால் போதும், நின்றவாக்கிலேயே நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து, அடியில் ஒரு வரி எழுதி, மை காய ஊதி, மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு நான் அந்தப் பிரதியை மலிவு விலைத் தட்டுக்கு மாற்றுவேன். அதற்குமேல் அது சேகரிப்பாளர்களுக்கு ஆகாது.

அவரைக் குறை சொல்லவும் வாய் வராது. அந்தப் புத்தகத்தை மொழிபெயர்த்ததே அவர்தான். பிரெஞ்சில் வந்த போர்க்கால நாவல். ரயில்வே கேட்டைக் காப்பவள் கதை என்பதால் தமிழில் ‘கேட்காரி’ என்று பெயர் வைத்தார். அப்போது அவர் ஒரு கப்பல் கம்பெனியில் சரக்குக் காகிதங்களை மொழிபெயர்க்கும் வேலையில் இருந்தார். எத்தனை மூட்டை, எந்தக் கப்பல், நனைந்தால் யார் பொறுப்பு. பகலெல்லாம் அது, வீட்டுக்கு வந்தால் இது. கல்யாணமே வேண்டாம் என்றவள் யாரோ ஒரு பிரெஞ்சுக்காரிக்காக இப்படிக் கண் விழிக்கிறாளே என்று என் மாமியார் புலம்புவாராம். மாமியார் புலம்பாத விஷயம் எது என்பது வேறு கதை.

புத்தகத்தைப் போட்டவர் சின்னப் பதிப்பாளர். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த மேலுறை: சிவப்பில் ஒரு ரயில்வே கேட், அதற்குப் பின்னால் கறுப்பாகப் புகை. பாதிப் பிரதிகள் கிடங்கிலேயே மழையில் ஊறிப்போயின. மிஞ்சியவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்றைக்கு முதல் பதிப்பு ஒன்று மேலுறையோடு வெளியே வந்தால் சேகரிப்பாளர்கள் கொத்திக்கொண்டு போவார்கள்.

அந்த முதல் பதிப்பில்தான் வரி விழுந்தது. அது ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலம். கோத்த பக்கத்தை நூலால் கட்டி இயந்திரத்துக்குத் தூக்கிப் போகும்போது கட்டு தளர்ந்தால் ஓரத்து வரி நழுவிவிடும். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் கடைசி வரி அப்படி நழுவியது. அது தனி ஒரு வரிப் பத்தி. மெய்ப்புப் பார்த்தபோது இருந்தது, புத்தகமாக வந்தபோது இல்லை. பதினொன்றாம் அத்தியாயமும் அந்தப் பக்கத்தோடு முடிவதால் ஓட்டை விழுந்த மாதிரியே யாருக்கும் தெரியவில்லை. அடுத்த அச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் பதிப்பாளர். அதற்குள் அவர் கடையைக் கட்டிவிட்டார். பிறகு வேறொருவர், சின்னத்தையிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அந்தப் புத்தகத்தைப் பார்த்தே மறுபதிப்புப் போட்டார். ஊரெல்லாம் பரவியது அதுதான்.

சின்னத்தை பேனாவைக் கையில் எடுத்தது அதன் பிறகு. நூலகம், நண்பர்கள் வீடு, பல் டாக்டரின் காத்திருப்பு அறை என்று எங்கே ‘கேட்காரி’யைப் பார்த்தாலும் அந்த வரியை எழுதினார். ஒரு நூலகத்தில் அவரைக் கையும் களவுமாகப் பிடித்து வெளியே அனுப்பினார்கள். மறுவாரம் வேறு நிறப் புடவையில் போய் மிச்சமிருந்த பிரதியையும் முடித்துவிட்டு வந்தார். என் கணவர் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இதைச் சொல்வார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் பொறாமையும். எதன் மேலாவது இவ்வளவு பிடிவாதம் எனக்கு இருந்திருக்கிறதா என்று யோசிப்பேன்.

கதை இதுதான். எதிரிப் படை பிடித்துவைத்திருக்கும் சிறிய ஊர். ரயில்வே கேட்டைத் திறந்து மூடும் ஒருத்தி, அவள் கணவன், அவர்கள் பரணில் ஒளிந்திருக்கும் ஓர் இளைஞன். பதினொன்றாம் அத்தியாயத்தின் முடிவில் அதிகாரி வந்து வீட்டைச் சோதனை போடப் போகிறேன் என்கிறான். அவள் வெளியே நிலக்கரிக் கொட்டகையைக் கைகாட்டி, ‘நீங்கள் தேடுகிற ஆள் அங்கே இருக்கிறான்’ என்கிறாள். சிப்பாய்கள் பலகையோடு சேர்த்துச் சுடுகிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் போர் முடிந்துவிட்டது. அவள் தனி ஆள். ஊரில் யாரும் அவளோடு பேசுவதில்லை. அவளும் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு ரயில் கடந்து போகிறது. ஒருவன் ஜன்னலருகே எழுந்து நின்று அவளைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுகிறான்.

சின்னத்தையின் பேனா படாத மறுபதிப்பைப் படித்த எல்லாரும் ஒரே மாதிரிதான் புரிந்துகொண்டார்கள். நானும்தான். உயிருக்குப் பயந்து, பரணிலிருந்து இறக்கிக் கொட்டகைக்கு அனுப்பிய பையனைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். அந்த அருவருப்பில் கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். தொப்பிக்காரனைப் பற்றி விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். மனசாட்சியின் குறியீடு என்றார் ஒருவர். வரலாறே வணங்குகிறது என்றார் இன்னொருவர்.

அப்படியானால் சின்னத்தை எழுதிய அந்த வரியில் என்னதான் இருந்தது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. சிரிக்காதீர்கள். எங்கள் தொழில் அப்படி. கையில் ஒரு முதல் பதிப்பு வந்தால் மேலுறை கிழிந்திருக்கிறதா, முதுகு வெளுத்திருக்கிறதா, உள்ளே மை இருக்கிறதா என்று பார்ப்போம். நூற்று நாற்பத்து மூன்றைத் திறப்பேன், அடியில் நீல மை தெரியும், உச்சுக் கொட்டிவிட்டு மூடுவேன். கறையை யாராவது வாசிப்பார்களா? சின்னத்தையிடம் கேட்கலாமென்றால், வாயால் சொல்ல மாட்டார். “அது சொல்றதுக்கு இல்லம்மா, படிக்கிறதுக்கு” என்பார்.

இந்த நிலைமையில்தான் கையுறைக்காரர் வந்தார். பழைய புத்தகங்களை அச்சு அசலாக மறுபடி பதிப்பிப்பவர். வெள்ளைப் பருத்திக் கையுறை போடாமல் புத்தகத்தைத் தொட மாட்டார் என்பதால் எங்கள் வட்டாரத்தில் அவருக்கு அந்தப் பெயர். மூலப் பிரதியில் என்ன இருக்கிறதோ அது அப்படியே வரும். பூச்சி அரித்த ஓட்டைகூட ஓட்டையாகவே அச்சாகும். ஒருமுறை ஒரு பக்கத்திலிருந்த டீக்கறையை அவர் பதிப்பித்துவிட, வாங்கியவர் அழுக்குப் புத்தகத்தைத் தலையில் கட்டிவிட்டதாகச் சண்டைக்கு வந்துவிட்டார். கையுறைக்காரர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அவருக்குக் ‘கேட்காரி’யின் முதல் பதிப்பு வேண்டும், ஒரு சொட்டு மை இல்லாமல். பல வருஷத் தேடலில் அவரும் பார்த்துப் பார்த்து உச்சுக் கொட்டியிருக்கிறார். கடைசியில் அது எனக்குத்தான் கிடைத்தது. ஒரு பெரிய வீட்டைக் காலி செய்தபோது, கண்ணாடி அலமாரியில் அழகுக்காக அடுக்கிய வரிசையில் நின்றுகொண்டிருந்தது. வாங்கியவர் திறந்தே பார்க்கவில்லை. மேலுறையின் சிவப்பு நேற்றுப் பூசியது போலிருந்தது. நூற்று நாற்பத்து மூன்றைத் திறந்தேன். சுத்தமாக இருந்தது.

பதிப்பிக்க மொழிபெயர்ப்பாளரின் சம்மதம் வேண்டும். தலைப்புப் பக்கத்தில் அவர் கையெழுத்தும் இருந்தால் பிரமாதமாக இருக்கும் என்றார் கையுறைக்காரர். குடும்பத்து ஆள் என்பதால் அழைத்துப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. போகும் வழியெல்லாம் அவர் புத்தகப் பெட்டியை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வந்தார்.

சின்னத்தை மூன்றாம் மாடியில் இருக்கிறார். லிஃப்ட் கிடையாது. நாங்கள் மூச்சு வாங்கி நின்றபோது அவர் கதவைத் திறந்துகொண்டு சிரித்தார். எழுபதை நெருங்கும் உடம்பில் ஒரு கிராம் கூடுதல் சதை இல்லை. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடுவதுதான் வயதின் ஒரே அடையாளம். ஒரே அறை. ஜன்னலோரம் மேசை. அதில் இரண்டு அகராதிகள், தைத்துத் தைத்து முதுகே மாறிப்போனவை. டீ வந்தது. கையுறைக்காரர் கோப்பையை எடுத்துப் போய்ப் புத்தகத்துக்கு எட்டாத தூரத்தில் வைத்தார்.

கையுறைக்காரர் பெட்டியைத் திறந்ததும் சின்னத்தை கிட்டே குனிந்தார். மேலுறையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கை நேராக மேசைமேல் இருந்த பேனாவுக்குப் போனது. நான் பாய்ந்து போய்ப் பிடித்தேன்.

“சின்னத்தை, தயவுசெஞ்சு வேண்டாம். இது ஒண்ணுதான் சுத்தமா இருக்கு.”

“சுத்தமா? கை ஒடிஞ்ச பிள்ளையைச் சுத்தமா இருக்குன்னு சொல்லுவியா?”

கையுறைக்காரர் புத்தகத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அம்மா, கோவிச்சுக்காதீங்க. நான் போடுறது அச்சு அசல் பதிப்பு. அன்னைக்கு எப்படி வந்துச்சோ அப்படியே. அதுல நானோ நீங்களோ கை வச்சா அது பொய்யாயிடும்.”

“வரி விழுந்தபடியே வர்றதுதான் சார் பொய்.”

“ஆனா விழுந்தது நடந்துச்சே. நடந்ததை மறைக்க நான் யாரு?”

சொல்லப்போனால் அந்த மனிதரையும் எனக்குப் பிடித்தது. வேறு யாராவதாக இருந்தால் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பின்னால் இஷ்டப்படி செய்திருப்பார்கள். இவர் முகத்துக்கு நேராக மாட்டேன் என்கிறார்.

“வேணும்னா கடைசியில ஒரு குறிப்புப் போடுறேன். இந்தப் பக்கத்துல ஒரு வரி விடுபட்டிருக்குன்னு” என்றார்.

“கடைசியிலயா? புத்தகம் பூரா அவளைத் திட்டி முடிச்சு, மூடி வச்சிட்டுப் படுத்துடுவாங்க. அப்புறம் யாரு சார் குறிப்பைப் படிக்கிறது?” சின்னத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “வரி இல்லாம என் சம்மதம் கிடையாது. நான் போனப்புறம் என்ன வேணா பண்ணிக்குங்க.”

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. சம்மதம் இல்லையென்றால் பதிப்பு இல்லை. வரியை எழுதினால் கையுறைக்காரரைப் பொறுத்தவரை அது அந்தப் பதிப்பே இல்லை. எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. நிலைமையைச் சமாளிக்க நினைத்து, “சார் எவ்வளவு அருமையா முன்னுரை எழுதியிருக்காரு தெரியுமா, கேளுங்க சின்னத்தை” என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கையுறைக்காரர் சந்தோஷமாகக் காகிதத்தை எடுத்தார். இருபது வயதில் இந்த நாவலைப் படித்ததாகவும், மொழிபெயர்ப்பு என்றே தோன்றாத அந்தத் தமிழில் கிறங்கிப்போனதாகவும், பழைய புத்தகங்கள்மேல் பைத்தியம் பிடித்ததே இதனால்தான் என்றும் எழுதியிருந்தார். உண்மையான வார்த்தைகள். சின்னத்தையின் முகம் கொஞ்சம் இளகியது. அடுத்த பத்தியை அவர் இப்படி ஆரம்பித்தார்: “ஒரு துரோகியைக்கூட வெறுக்க முடியாதபடி எழுதப்பட்ட கதை இது. தன் உயிருக்காக ஓர் இளைஞனைக் காட்டிக்கொடுத்த பெண்…”

சின்னத்தை கையை உயர்த்தினார். கையுறைக்காரர் நிறுத்தினார்.

சின்னத்தை திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. என் கல்யாணமான நாளிலிருந்து அவர் கலங்கி நான் பார்த்ததில்லை. சொந்த மகளைப் பற்றி எவனோ வாசலில் நின்று அவதூறு பேசியதைக் கேட்ட முகம் அது. இத்தனை வருஷமாக அவர் பேனாவோடு அலைந்தது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தன் மொழிபெயர்ப்பைக் காப்பாற்ற இல்லை. அவளைக் காப்பாற்ற.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேசியபோது குரல் கப்பல் கம்பெனிக் குரலாக மாறியிருந்தது.

“சரி சார். சம்மதம் தர்றேன். நூத்தி நாப்பத்து மூணுல கை வைக்க மாட்டேன். தலைப்புப் பக்கத்துல கையெழுத்து மட்டும்தானே வேணும்?”

“அம்மா, ரொம்ப நன்றிம்மா. நீங்க எப்படிப் போடுறீங்களோ அப்படியே அச்சாகும்.”

“அப்படியேன்னா?”

“அப்படியே. உங்க பேனா வழுக்கினாலும் வழுக்கினபடியே வரும். இந்தப் பிரதியில இருக்கிறது ஒரு புள்ளி மாறாது. இத்தனை வருஷத்துல நான் மாத்தினதே இல்ல.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

எனக்கு ஏதோ பொறிதட்டியது. சின்னத்தை இவ்வளவு சுலபத்தில் இறங்கி வருகிறவர் அல்ல. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை திறந்து பட்டது போதாதா?

கையுறைக்காரர் தலைப்புப் பக்கத்தைத் திறந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேலே புத்தகத்தின் பெயர், கீழே சின்னத்தையின் பெயர், நடுவில் தாராளமாக வெள்ளைத்தாள். சின்னத்தை குனிந்து எழுத ஆரம்பித்தார். கையெழுத்துக்குத் தேவைப்படுவதைவிட அதிக நேரம் எழுதினார். ஒவ்வோர் எழுத்தும் அச்சுக் கோத்தது போல் நிதானமாக விழுந்தது. கடைசியாகத் தன் பெயரைப் போட்டுத் தேதியும் போட்டார். பழக்கம் விடவில்லை, மேலாக ஊதினார். பிறகு எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

கறையாக நான் எத்தனையோ தடவை பார்த்த அந்த வரியை அன்றைக்குத்தான் வாசித்தேன்.

‘உள்ளே இருந்தவன் அவள் கணவன், அவனாகக் கேட்டுத்தான் போனான்.’

கையுறைக்காரர் முதலில் கோபப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஏமாற்றப்பட்டது அவருக்குப் புரிந்துவிட்டது. சத்தியம் பண்ணியாயிற்று, பிரதியில் இருப்பது ஒரு புள்ளி மாறாது, இனி அந்த வரி புத்தகத்துக்கே வாசற்படியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் கண் மறுபடி வரிக்குப் போனது. இன்னொரு முறை வாசித்தார். காது மடல் சிவந்தது.

“அப்ப அவ புருஷன் அவளை விட்டுட்டுப் போகல?”

“எங்க சார் போறது? அவதானே அவனைப் புதைச்சா.”

“அந்தப் பையன்?”

“பரண்லயே இருந்தான். கொட்டகையில ஒரு ஆள் கிடைச்சதும் வீட்டைச் சோதனை போடாமலே போயிட்டாங்கல்ல.”

“அப்ப ரயில்ல தொப்பியைக் கழட்டுறது…”

“பின்ன? சம்பந்தம் இல்லாதவனா எழுந்து நின்னு கழட்டுவான்?”

அவர் முன்னுரைக் காகிதத்தை எடுத்து மடித்தார். மறுபடி மடித்தார். மடிக்க முடியாத அளவுக்கு வந்ததும் பையில் வைத்துக்கொண்டார். முப்பது வருஷமாக அவளை மன்னித்துக்கொண்டிருந்தேன் என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. மன்னிக்க அவருக்கு என்ன இருந்தது? எனக்கும்தான் என்ன இருந்தது? அந்த மேசையில் உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருத்திதான் அவளுக்கு உண்மையாக இருந்தவள். அவரைப் போய்க் கடைக்குள் விடாமல் வைத்திருந்தேனே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது, என்மேல்தான்.

கையுறைக்காரர் நிமிர்ந்தார். “அம்மா, நூத்தி நாப்பத்து மூணுலயும் எழுதிடுங்க.”

“என்ன சார், இப்பதானே சத்தியம் பண்ணீங்க.”

“பரவாயில்லம்மா. நானே சொல்றேன். எழுதுங்க.”

“வேண்டாம்.” சின்னத்தை பேனாவை மூடினார். “நீங்க சொன்னது சரிதான் சார். அங்க விழுந்தது நடந்தது. அது அப்படியே இருக்கட்டும். நீங்க படிங்க.”

“எதை?”

“அந்தப் பக்கத்தை. சத்தமா.”

அவர் கையுறையைக் கழற்றவில்லை. ஆனால் பக்கத்தைத் தள்ளிய விரல் முன்னைப்போல ஜாக்கிரதையாக இல்லை. நூற்று நாற்பத்து மூன்று. அதிகாரி வருகிறான். வீட்டைச் சோதனை போடப்போவதாகச் சொல்கிறான். அவள் கேட் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள், கொட்டகையைக் கைகாட்டுகிறாள். கையுறைக்காரர் மேடையில் பேசிப் பழகியவர், கணீரென்ற குரல். சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கும் இடத்தில் அது கம்மியது. பலகை தெறித்தது. உள்ளே யாரோ ஒருமுறை இருமினார்கள். பிறகு இருமல் இல்லை. அதுதான் பக்கத்தில் அச்சாகியிருந்த கடைசி வாக்கியம். அதற்குக் கீழே வெறும் தாள்.

அவர் நிற்கவில்லை.

“உள்ளே இருந்தவன் அவள் கணவன்” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். “அவனாகக் கேட்டுத்தான் போனான்.”

சின்னத்தை கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வரியை அதன் இடத்தில் வைத்து இன்னொருவர் வாயால் அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் உதடுகளும் கூடவே அசைந்தன.

“ம்” என்றார். “மேல படிங்க.”